சனிக்கிழமை எண்ணெய்

ஆவூர்
23 ஏப்ரல் 1961

இயேசு மரி சூசை துணை.

அன்பு மகள் அமலராணிக்கு அப்பா ஆரோக்கியமுத்து எழுதுவது.

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை. டீச்சர் கோடு போட்ட தாள் கொடுத்தார். ஆனாலும் எழுத்துகள் கோட்டை விட்டு வரப்பு தாண்டிய ஆடு மாதிரி இறங்கிவிடுகின்றன. உழவில் ஒரு சால் கோணினாலே எனக்குப் பொறுக்காது. இதில் எல்லாச் சாலும் கோணல். காலையில் கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்தேன். இப்போது மாடு திரும்பும் நேரம். விரல் மரத்துவிட்டது. ஆனால் எழுதுவது நான்தான். வேறு யார் கையும் இதில் படவில்லை.

கோயில் பள்ளிக்கூடத்தில் ஜெபமாலையம்மாள் டீச்சர் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். தலை நரைத்தவன் நான் ஒருவன்தான். “பெரியப்பா, ழகரத்துக்கு வால் எங்கே போச்சு?” என்று கேட்டார். “மாடு மேஞ்சிருச்சு டீச்சர்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வயதில் புதிதாக ஒன்று தெரிகிறது என்றால் சும்மாவா. பஸ்ஸில் எழுதியிருப்பதை வாசிக்கிறேன். தீப்பெட்டியை வாசிக்கிறேன். போன ஞாயிறு கல்லறைக்குப் போய் உன் அம்மா பெயரை விரல் வைத்து வாசித்தேன். அ, ரு, ள, ம், மா, ள். சேர்த்து ஒரு தடவை சத்தமாகச் சொன்னேன். உயிரோடு இருந்தபோது நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

இதுவரை உனக்கு வந்ததெல்லாம் உன் சித்தப்பா அடைக்கலராஜ் எழுதியது. நான் சொன்னதைத்தான் எழுதினான், அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் இன்னொருவன் பேனாவைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும்போது கோபத்தைச் சொல்ல முடிகிறது. மற்றதைச் சொல்ல நாக்கு எழும்பவில்லை.

நம் கோயிலில் இருந்த லூயி சாமியார் உனக்குக் கொடுத்துவிட்டுப் போன பெரிய பிடில் பத்திரமாக இருக்கிறது. நீ போன அன்று நான் நெல் அறையில் வைத்துப் பூட்டினேனே, அதே பிடில். உனக்கு வேண்டும் என்றால் ஒரு வரி எழுது. நான் மறிக்க மாட்டேன்.

அப்பா


சென்னை, வடபழனி
4 மே 1961

அன்புள்ள அப்பாவுக்கு,

சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம். உங்கள் கடிதம் கிடைத்தது. உறையின் மேலிருந்த கையெழுத்து யாருடையது என்று தெரியாமல் வெகுநேரம் பிரிக்காமல் வைத்திருந்தேன்.

சித்தப்பாவின் எழுத்து முத்து கோத்த மாதிரி இருக்கும். அந்த அழகான எழுத்தில்தான் “இந்த வீட்டுப் படி ஏறாதே” என்று வந்தது. அதனால் உங்கள் கோணலுக்கு நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.

நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். அந்த வாத்தியத்துக்குச் செலோ என்று பெயர். அதை வாசித்துத்தான் சாப்பிடுகிறேன். முதலில் கான்வென்ட் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தேன். பிறகு ஸ்டூடியோவில் சினிமாப் பாட்டுக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். வாத்தியக்காரர்களில் நான் ஒருத்திதான் பெண். முதல் நாள் என்னை நடிக்க வந்தவள் என்று நினைத்து மேக்கப் அறைக்கு அனுப்பினார்கள். சினிமாவில் செலோவுக்கு ஒரே வேலைதான். யாராவது சாக வேண்டும், இல்லை என்றால் யாராவது பிரிய வேண்டும். அப்போது அடியில் தாழ்ந்து ஒரு குரல் இழுக்கும், அது நான். லூயி சாமியார் சொல்லிக் கொடுத்த சங்கீதத்தை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வாசிக்கிறேன்.

பம்பாயில் மேற்கத்திய சங்கீதம் மட்டும் வாசிக்கும் பெரிய குழு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு செலோ நாற்காலி காலியாகிறது. ஆகஸ்டில் வாசித்துக் காட்ட வரச் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வருஷமும் நான் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் சொந்த வாத்தியம் உள்ளவர்களைத்தான் சேர்ப்பார்கள். இதுவரை நான் வாசித்தது கோவாக்காரர் பெரைரா அண்ணனுடைய செலோவை இரவல் வாங்கி. அவர் மருமகன் இசை படிக்கிறான், அடுத்த மாதம் அது அவனுக்குப் போகிறது. புதிதாக ஒன்று வாங்குவது என்னால் ஆகாது.

அதனால் கேட்கிறேன். என் செலோவை அனுப்பி வையுங்கள். அதன் வில் என்னிடம்தான் இருக்கிறது. அன்றைக்குச் சேலைக்குள் சுற்றி எடுத்து வந்தேன். இரவல் செலோவை எத்தனையோ நாள் வாசித்துவிட்டேன், வில்லை மட்டும் மாற்றியதில்லை.

செலோ பெட்டிக்குள்தானே இருக்கிறது? எங்கேயாவது வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

அமலராணி


ஆவூர்
14 மே 1961

இயேசு மரி சூசை துணை.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதத்தை நானே வாசித்தேன். இரண்டு நாள் ஆனது. யாரையும் கேட்கவில்லை. “ஸ்டூடியோ” என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் டீச்சரிடம் போனேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லும்முன் ஒரு சமாசாரம். கீரனூர் டெண்ட் கொட்டகைக்குப் பக்கத்து வீட்டுக் கண்ணுசாமியைக் கூட்டிக்கொண்டு போனேன், உன்னைக் கேட்பதற்காக. அழுகிற இடம் வந்தது. எல்லாரும் திரையைப் பார்த்தார்கள், நான் கண்ணை மூடிக்கொண்டேன். “என்னண்ணே, காசு குடுத்துத் தூங்குறியே” என்றான். “தூங்கல, என் மக வாசிக்கிறா” என்றேன். “எது?” என்றான். எது என்று எனக்கும் தெரியவில்லை. மொத்தமும் சேர்ந்து அழுதது. ஆனாலும் வீடு வரைக்கும் எல்லாரிடமும் என் மகள் வாசித்த படம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

இப்போது பிடில் விஷயம். கவலையே படாதே. கண்ணைப் போல வைத்திருக்கிறேன்.

நீ போன பிறகு அந்த அறையைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த மழையில் கறையான் ஏறிவிட்டது. பெட்டியை முழுக்கத் தின்றுவிட்டது. பிடிலைத் தொடுவதற்குள் பார்த்துவிட்டேன். உன் அம்மா அழுதாள். “அவ வந்து கேட்டா என்னங்க சொல்லுவீங்க?” என்றாள். அன்றைக்கு ஒரு முடிவு செய்தேன். நான் உயிரோடு இருக்கும் வரை ஒரு பூச்சி அதை அண்டக் கூடாது என்று.

அடுப்படியில் உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். விதைச் சோளம் எல்லாம் அங்கேதான் கட்டுவோம். புகை படுகிற இடத்தில் உளுக்காது. சனிக்கிழமைதோறும் சாயங்காலம் இறக்கி வேப்பெண்ணெய் போடுகிறேன். கலப்பைக்கும் வண்டிச் சட்டத்துக்கும் போடுகிறோமே, அதைவிடக் கவனமாக. மேலே மட்டும் போட்டால் உள்ளே பூச்சி வைக்கும். அதன் வயிற்றில் வளைந்த துளை இரண்டு இருக்கிறதல்லவா, அதன் வழியாக உள்ளேயும் எண்ணெய் விட்டு, பிள்ளையைத் தாலாட்டுகிற மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் சாய்ப்பேன். மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர வேண்டும். நரம்புகளை எலி கடிக்கும் என்று கழற்றி எறிந்துவிட்டேன். அவற்றைப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

வெடிப்பு இரண்டு இருந்தது, அடுப்புச் சூட்டில் வந்திருக்கும். எண்ணெய் ஊறி அதுவும் தெரியவில்லை. இப்போது நீ பார்க்க வேண்டும். பனம்பழம் போலக் கறுத்துப் பளபளவென்று இருக்கிறது. முன்பு தூக்கினால் மணி பிடிக்காத சாவி நெல் மாதிரி லேசாக இருந்தது. இப்போது சத்து ஏறி நல்ல கனம்.

இத்தனை வருஷத்தில் உன் அம்மாவை அடக்கம் செய்த வாரம் மட்டும்தான் தவறியது. அடுத்த சனிக்கிழமை இரண்டு பங்கு போட்டுவிட்டேன்.

எப்படி அனுப்புவது என்று எழுது. நானே கொண்டுவரட்டுமா?

அப்பா


சென்னை
19 ஜூன் 1961

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. ரெக்கார்டிங் வேலை அதிகம்.

பெரைரா அண்ணன் தன் செலோவை இன்னும் கொஞ்ச காலம் நான் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அதையே பம்பாய்க்கு எடுத்துப் போகிறேன். ஆகவே நீங்கள் அனுப்ப வேண்டாம். கொண்டுவரவும் வேண்டாம். ரயிலில் கூட்டம், உங்களுக்கு அலைச்சல்.

அதை அடுப்புக்கு மேலிருந்து இறக்கிவிடுங்கள். இனி எண்ணெய் போட வேண்டாம் அப்பா. போட்டது போதும்.

சனிக்கிழமைதோறும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

பெட்டியைக் கறையான் தின்ற அன்று அம்மா நிஜமாகவே அப்படிக் கேட்டார்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்து முன்னைவிட நேராக வருகிறது.

அமலராணி


ஆவூர்
9 ஜூலை 1961

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

வேண்டாம் என்று நீ எழுதியது எனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்றுதான் என நினைத்தேன். மகள் கேட்டதை ஒரு தடவை மறித்தவன், இந்தத் தடவை கேட்காமலே செய்துவிடலாம் என்று புறப்பட்டேன். திருச்சியில் பிடில், வீணை பழுது பார்க்கும் ஆத்மநாதன் என்று ஒருவர் இருக்கிறார். அவரிடம் நரம்பு போட்டு வாங்கிக்கொண்டு அப்படியே மெட்ராஸ் ரயில் ஏறி உன் வாசலில் வந்து நிற்பது என்று திட்டம். புது வேட்டி கட்டியிருந்தேன்.

உன் அம்மா சேலையில் சுற்றி பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர், “பெரியவரே, இது ஆளா சாமானா? ஆளுன்னா டிக்கெட் எடுங்க” என்றான். “எம் மகள்னு வச்சுக்கங்க, தம்பி” என்றேன். பஸ்ஸே சிரித்தது. மாத்தூர் தாண்டும் வரைக்கும் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆத்மநாதன் சேலையைப் பிரித்தார். மோந்து பார்த்தார்.

“இது வாத்தியமா, செக்கா?” என்றார்.

“எம் மக வாத்தியம்ங்க. நான்தான் எண்ணெய் போட்டுப் பாதுகாத்தேன்.”

“உள்ளேயுமா?”

“உள்ளேயும்தாங்க.”

அதற்குப் பிறகு அவர் கேலி பேசவில்லை. ஒரு வீணைக் குடத்தை எடுத்துத் தட்டினார். ணங் என்றது. நம்முடையதைத் தட்டினார். ஈரச் சுவரைத் தட்டினது போல இருந்தது. “காய்ஞ்ச மரம்தான் பேசும், பெரியவரே. இது எண்ணெய் குடிச்சு ஊறிப்போச்சு. வெடிப்பை ஒட்டலாம்னா வஜ்ஜிரப் பசையும் பிடிக்காது. நரம்பு போட்டுத் தரேன். ஆனா இது பேசாது, முனகும்” என்றார்.

“வெயிலில் காய வைத்தால்?” என்று கேட்டேன். அவர் எனக்கு மோர் வரவழைத்துக் கொடுத்தார்.

அமலா, எண்ணெய் போடுவதை நான் எழுதிய கடிதத்திலேயே உனக்கு இது தெரிந்துவிட்டது. தெரிந்துதான் “போட்டது போதும்” என்று எழுதியிருக்கிறாய். என்னை ஏன் திட்டவில்லை? கோபத்தில் பூட்டினேன். அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தவர்கள் “முழங்காலுக்கு நடுவுல வச்சு வாசிக்கிற பொண்ணு நமக்கு எதுக்கு” என்று சபையில் சொன்னார்கள். உன் கல்யாணம் நின்றது. அவர்கள் மேல் வரவேண்டிய கோபம் அந்த மரத்தின் மேல் வந்தது. அது என் தப்பு. ஆனால் எண்ணெய் போட்டது கோபத்தில் இல்லையே. அதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? டீச்சர் இன்னும் அவ்வளவு சொல் சொல்லித் தரவில்லை.

பெரைரா அண்ணன் செலோவைக் கொடுத்தது மட்டும் நிஜம்தானே?

அப்பா


சென்னை
3 செப்டம்பர் 1961

அன்புள்ள அப்பாவுக்கு,

நிஜமில்லை. அவர் மருமகன் ஜூன் மாதமே வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பம்பாய் போய் வந்துவிட்டேன். அங்கே ஒரு ஓட்டலில் வாசிக்கிறவர் தன் செலோவை இரண்டு நாளுக்குக் கொடுத்தார். அதன் கழுத்து எனக்குப் பழகாத அளவு. விரல் வைத்த இடமெல்லாம் ஒரு மயிரிழை தள்ளி விழுந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர் நல்ல மனிதர். “கை நன்றாக இருக்கிறது, உங்கள் வாத்தியத்தோடு வாருங்கள்” என்றார். இதுதான் என் வாத்தியம் என்று பொய் சொல்லியிருந்தேன், அவர் கண்டுபிடித்துவிட்டார். அதனால் அதற்கு மேல் பேச வழியில்லை. நாற்காலி ஒரு பார்சி பையனுக்குப் போனது. அவன் படிப்பு முடித்த முதல் வருஷமாம். எனக்கு முப்பத்து மூன்று.

உங்களை ஏன் திட்டவில்லை என்று கேட்டீர்கள். திட்டி ஒரு கடிதம் எழுதினேன். மறுபடி வாசித்துப் பார்த்தேன். அதை நீங்கள் விரல் வைத்து, எழுத்து எழுத்தாக, இரண்டு நாள் வாசிப்பீர்கள் என்று தோன்றியது. கிழித்துவிட்டேன்.

எண்ணெய்க்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். என்னிடமிருந்து அதைப் பறித்தது எண்ணெய் இல்லை, பூட்டு. இதை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மாட்டேன். இருபத்து நாலு வயதில் அந்தச் செலோ என் கையில் இருந்திருந்தால் அந்த நாற்காலியில் இன்று நான்தான் உட்கார்ந்திருப்பேன். இருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். அது தெரியாமலே போய்விட்டது, அதுதான் வலிக்கிறது.

என் பங்கும் இருக்கிறது. அம்மா இறந்த தந்தி வந்தபோது பையில் போட்டுக்கொண்டு ரெக்கார்டிங்குக்குப் போனேன். படி ஏறாதே என்றீர்கள், ஏறவில்லை. வீம்பு. நான் வந்திருந்தால் அடுப்படியில் தொங்குவதைப் பார்த்திருப்பேன். அப்போது பாதி எண்ணெய்தான் குடித்திருக்கும்.

கல்லறைத் திருநாளுக்கு வருகிறேன். வில்லை எடுத்துக்கொண்டு வருகிறேன். ஆத்மநாதனிடம் நரம்பு போடச் சொல்லுங்கள், முனகினாலும் பரவாயில்லை.

மறுபடி அடுப்புக்கு மேலே கட்டிவிடாதீர்கள்.

அமலா


ஆவூர்
18 நவம்பர் 1961, சனிக்கிழமை

இயேசு மரி சூசை துணை.

அன்பு மகள் அமலாவுக்கு அப்பா எழுதுவது.

நீ ரயில் ஏறிப் போய்ச் சேர்ந்த கார்டு வந்தது. நானே வாசித்தேன். இப்போதெல்லாம் அரை நாளில் வாசித்துவிடுகிறேன்.

நீ இருந்தபோது பேச வேண்டியதைப் பேசவில்லை. எழுதத் தெரிந்த பிறகு எனக்குப் பேச்சு குறைந்துவிட்டது போலிருக்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கல்லறையில் மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வந்து, நீ வீட்டு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்தாய். செலோவை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தினாய். அடைக்கலராஜ் தரையைப் பார்த்தான். நானும் முதலில் பார்க்கவில்லை. பிறகுதான் பார்த்தேன், பிள்ளைக்குத் தலை வாருகிறவளும் இப்படித்தான் உட்காருகிறாள் என்று. அதைப் போய் அசிங்கம் என்று சபையில் ஒருவன் சொன்னான், நான் தலை குனிந்தேன்.

நீ வில்லை வைத்து இழுத்தாய். அடைக்கலராஜ், “சினை மாடு முக்குற மாதிரி இருக்கு” என்றான். நீ வாய்விட்டுச் சிரித்தாய். “சரியாச் சொன்னீங்க சித்தப்பா” என்றாய். சிரித்த கையோடு கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். அப்புறமும் நிறுத்தாமல் கடைசி வரை வாசித்தாய். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, “எப்படி இருந்துச்சுப்பா?” என்றாய். “நல்லா இருந்துச்சும்மா” என்றேன். நீ தலையைத் திருப்பிக்கொண்டாய். கெட்டுப்போனதை மறைக்க நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாய்.

பொய் இல்லை அமலா. அது முன்பு எப்படிப் பேசியது என்று எனக்குத் தெரியாது. நீ சிறுபிள்ளையில் வாசித்தபோதெல்லாம் எனக்கு வயலில் வேலை இருந்தது. வேலை இல்லாத நாளிலும் உண்டாக்கிக்கொண்டு வெளியே போய்விடுவேன். டெண்ட் கொட்டகையில் கேட்டும் எது நீ என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. என் வாழ்நாளில் நான் உட்கார்ந்து கேட்டது இந்த ஒரு தடவைதான். அதனால் எனக்கு அதன் குரலே அதுதான். இதைவிட நல்லதாக ஒன்று இருந்தது, அது இனிக் கிடைக்காது என்று ஆத்மநாதனுக்குத் தெரியும், உனக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அந்த வருத்தத்தில் உன்னோடு பங்கு போட்டுக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

எடுத்துப் போ என்றேன். “இங்கேயே இருக்கட்டும்பா, வரும்போது வாசிக்கிறேன்” என்றாய். நெல் அறையிலேயே சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். மேலே உன் அம்மா சேலை. வில்லை நீ மறக்காமல் எடுத்துப் போய்விட்டாய், அதுவே சரி. அறைக்குப் பூட்டு இப்போது கிடையாது. கொண்டியையும் கழற்றிவிட்டேன். கோழிகூட உள்ளே போகிறது.

இன்றைக்குச் சாயங்காலம் பழக்கத்தில் எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் எடுத்துவிட்டேன். அறை வாசல் வரை போனேன். பிறகு திரும்பி வந்து கிண்ணத்தை வைத்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு, இந்தத் தாளை எடுத்தேன். அப்படியும் ஓரத்தில் விரல் பட்ட இடம் கறுத்திருக்கிறது, பார்த்துக்கொள்.

சனிக்கிழமை சாயங்காலம் இனி இந்தக் கைக்கு வேலை இல்லை. அதனால் வருகிற சனிக்கிழமை உனக்கு எழுதுகிறேன். அதற்கடுத்த சனிக்கிழமையும். ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் இரண்டு பங்கு எழுதிவிடுகிறேன்.

அப்பா